"வயதானால் வருவதுதான்" என்று சொல்லி விட்டுவிடலாமா? முழங்கால் மூட்டுத் தேய்மானமும் முதியோரின் இயலாமையும்

கரிசல்மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோவில்பட்டிக்கு அருகில் ஒரு சிற்றூரில் என் தாயார் தனியாக வசிக்கிறார். அவருக்கு வயது 68. நாற்பது ஆண்டுகள் களை வெட்டியும் பருத்தி எடுத்தும் எங்களை வளர்த்தவர். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு வலது முழங்காலில் தொடங்கிய வலி இப்போது இரண்டு கால்களிலும் இருக்கிறது. காலையில் எழுந்ததும் பத்து நிமிடம் மூட்டு இறுகி நிற்கிறது, பிறகு சற்றே இளகுகிறது.

இந்தப் பொங்கலுக்குச் சென்றிருந்தபோதுதான் அவருடைய அன்றாடம் எவ்வளவு சுருங்கிவிட்டது என்பதைக் கண்டேன். ரேஷன் கடைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையை அனுப்புகிறார். அம்மன் கோயிலுக்குப் போய் ஒன்றரை ஆண்டாகிறது. இரவில் கழிப்பறைக்குப் போனால் குந்தி எழ முடியாது என்று பயந்து, பொழுது சாய்ந்த பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருக்கிறார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை, இரண்டு நாள் கூட இருந்ததில் நானே தெரிந்துகொண்டேன்.

மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவர், சவ்வு தேய்ந்துவிட்டது, வயதானால் வருவதுதான் என்று சொல்லி ஒரு மாதத்துக்கு வலி மாத்திரை எழுதிக்கொடுத்தார். எனக்கு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உண்மையில் இது முதியவர்களில் எத்தனை பேருக்கு வருகிறது? என் பெரியம்மாவின் எக்ஸ்ரேயும் ஏறக்குறைய இதே நிலையில்தான் இருக்கிறது, ஆனால் அவர் இன்றும் காட்டு வேலைக்குப் போகிறார். ஒரே தேய்மானம் ஒருவரை முடக்கி, இன்னொருவரை நடக்க விடுவது எதனால்?

நடைப்பயிற்றுநர் எழுதியது:

சகோதரி, எண்ணிக்கைக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருப்பதை இந்த வாரமே சரிசெய்யுங்கள். நடுவில் துளையிட்ட கழிப்பறை நாற்காலி மருந்துக்கடைகளிலும் மருத்துவக் கருவிகள் விற்கும் கடைகளிலும் கிடைக்கிறது, அதை இந்திய முறைக் கழிப்பறையின் மேலேயே வைத்துக்கொள்ளலாம். வலி மாத்திரை சாப்பிடும் முதியவர் தண்ணீரையும் குறைத்தால் சிறுநீரகம் இரண்டு பக்கமும் அடி வாங்கும்.

நான் இயன்முறை மருத்துவராகப் பதினான்கு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன், என்னிடம் வருவோரில் பெரும்பகுதி உங்கள் தாயாரைப் போன்றவர்கள்தான். உலக அளவில் 2020-ஆம் ஆண்டில் 59.5 கோடிப் பேருக்கு, அதாவது மொத்த மக்கள்தொகையில் 7.6 விழுக்காட்டினருக்கு, மூட்டுத் தேய்மானம் இருந்ததாக உலக நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. 1990-இல் இருந்த எண்ணிக்கையைப் போல் இது இரண்டு மடங்குக்கும் அதிகம். 2050-க்குள் நூறு கோடியை நெருங்கும் என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பாதிக்கப்பட்டவர்களில் 73 விழுக்காட்டினர் 55 வயதைக் கடந்தவர்கள், 60 விழுக்காட்டினர் பெண்கள், முழங்கால்தான் முதலிடம். நம் நாட்டில் ஐந்து இடங்களில் ஏறத்தாழ 5,000 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வு, முழங்கால் தேய்மானம் 28.7 விழுக்காட்டினருக்கு இருப்பதாகக் கண்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "தேய்மானம்" என்ற சொல்லே பாதிக் கேட்டைச் செய்கிறது. வண்டிச் சக்கரம் தேய்வதைப் போல மூட்டும் ஓடி ஓடித் தேய்கிறது என்று நினைத்துக்கொண்டு, மிச்சமிருப்பதைக் காப்பாற்ற வேண்டும் என்று மக்கள் நடப்பதை நிறுத்துகிறார்கள். மருத்துவர் சவ்வு என்று சொன்ன குருத்தெலும்பு மெலிவது இந்த நோயின் ஒரு பகுதி மட்டுமே. அடியில் உள்ள எலும்பு தடிக்கிறது, ஓரங்களில் முள்போல வளர்கிறது, மூட்டின் உள்ளுறை வீங்குகிறது, எல்லாவற்றுக்கும் மேலாகத் தொடையின் முன்பக்கத் தசை வலுவிழக்கிறது. வலிக்கிறது என்று உட்கார்ந்தால் தசை மெலிகிறது, தசை மெலிந்தால் ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியும் நேராக மூட்டின்மேல் விழுகிறது, அதனால் வலி கூடுகிறது. உங்கள் பெரியம்மாவுக்கும் தாயாருக்கும் உள்ள வேறுபாடு எக்ஸ்ரேயில் தெரியாமல் தொடையில் இருக்கலாம். இருவரின் தொடைச் சுற்றளவையும் ஒரு நூலால் அளந்து பாருங்கள், நேரில் வந்தால் நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

எண்ணும்எழுத்தும் எழுதியது:

மேலே தரப்பட்ட எண்களை மறுக்கவில்லை, ஆனால் அவற்றைப் படிக்கும்போது எதை எண்ணியிருக்கிறார்கள் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பொதுச் சுகாதாரப் புள்ளிவிவரத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் இந்தக் குழப்பத்தை அடிக்கடி காண்கிறேன்.

எக்ஸ்ரேயில் தெரியும் மாற்றத்தைச் சுழியம் முதல் நான்கு வரை தரம் பிரிக்கும் முறையைக் கெல்கிரனும் லாரன்சும் 1957-இல் வகுத்தார்கள், இன்றும் அதுவே பெரும்பாலும் புழங்குகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள பிரேமிங்ஹாம் நகரில், இதய நோய்க்காகப் பல பத்தாண்டுகள் பின்தொடரப்பட்ட அதே மக்களிடம் முழங்கால் எக்ஸ்ரே எடுத்து, 1987-இல் முடிவை வெளியிட்டார்கள். எழுபதுக்குக் கீழே இருந்த முதியவர்களில் 27 விழுக்காட்டினருக்கும், எண்பதைத் தொட்டவர்களில் 44 விழுக்காட்டினருக்கும் படத்தில் தேய்மானம் தெரிந்தது. ஆனால் படத்திலும் தெரிந்து வலியும் இருந்தவர்கள் எல்லா வயதும் சேர்த்து 9.5 விழுக்காட்டினர் மட்டுமே, பெண்களில் 11, ஆண்களில் 7. ஒரே ஊர், ஒரே மக்கள், வரையறை மாறியதும் எண் மூன்றில் ஒன்றாகிவிட்டது. ஆகவே இந்தியாவின் 28.7-ஐயும் பிரேமிங்ஹாமின் 9.5-ஐயும் பக்கத்தில் வைத்து, நமக்கு மூன்று மடங்கு அதிகம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

ஒரே முறையில் எடுத்த படங்களை ஒப்பிட்டால் மட்டுமே உண்மையான வேறுபாடு தெரியும். பிரேமிங்ஹாமின் அதே முறையைப் பெய்ஜிங் நகர முதியவர்களிடம் பின்பற்றிப் பார்த்தபோது, சீனப் பெண்களுக்கு முழங்கால் தேய்மானம் அமெரிக்கப் பெண்களைவிட அதிகமாகவும், இடுப்பு மூட்டுத் தேய்மானம் மிக அரிதாகவும் இருந்தன. இளமையில் நெடுநேரம் குந்தி உட்கார்ந்தவர்களுக்கு முழங்கால் கேடு கூடியிருந்ததையும் 2004-இல் அதே குழு காட்டியது. களை வெட்டியே நாற்பது ஆண்டுகள் கழிந்த ஒரு தாயைப் பற்றிய இழையில் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இயலாமையைப் பற்றியது இரண்டாவது கேள்வி. அதே பிரேமிங்ஹாம் முதியவர்களை வைத்து 1994-இல் வெளியான கட்டுரையில், படி ஏறுதல், ஒரு மைல் நடத்தல், வீட்டு வேலை, கடைக்குப் போதல் போன்றவற்றுக்குப் பிறர் துணை தேவைப்படுவதற்கு எந்த நோய் எவ்வளவு காரணம் என்று கணக்கிட்டார்கள். பக்கவாதம், இதய நோய், மனச்சோர்வு ஆகியவற்றின் வரிசையில் முழங்கால் தேய்மானமும் முன்னணியில் நின்றது. தனி ஒருவரின் உயிருக்கு ஆபத்தில்லாத நோய் எப்படி அந்த வரிசையில் ஏறியது என்றால், அத்தனை பேருக்கு அது இருப்பதால்தான். பரவலாக இருப்பது என்பதற்கு அற்பமானது என்று பொருள் கொள்ளக் கூடாது, ஊரின் மொத்த இயலாமையை மிகுவிப்பதே அந்தப் பரவல்தான்.

தாமிரபரணிக்கரை எழுதியது:

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 74. மேலே உள்ள எண்களில் நானும் ஒருத்தி என்பதால் எழுதுகிறேன்.

இழந்தவற்றை வரிசையாகச் சொல்ல முடியும். முதலில் சம்மணமிட்டு உட்காருவது போயிற்று, பந்தியில் எனக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள். அடுத்து வாசலில் குனிந்தும் குந்தியும் கோலம் போடுவது. பிறகு நகரப் பேருந்தின் முதல் படி. அதற்குப் பிறகு எங்கள் வீட்டு மாடி. மாடியில் என் புத்தக அலமாரி இருக்கிறது, மூன்று ஆண்டுகளாக யாரையாவது அனுப்பித்தான் புத்தகம் எடுக்கிறேன், எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்பது எனக்கே மறந்து வருகிறது.

ஒவ்வொன்றும் கைவிட்டுப் போனபோது அதை நான் நோய் என்றோ ஊனம் என்றோ நினைக்கவில்லை. ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டதாகத்தான் நினைத்தேன். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்தவர், வீட்டில் மாற்றுத்திறனாளிகள் எவரேனும் உண்டா என்று கேட்டபோது இல்லை என்றுதான் சொன்னேன், அப்போதே தரையில் உட்கார்ந்தால் என்னைத் தூக்கிவிட ஆள் வேண்டும். பொய் சொல்லும் எண்ணமே இல்லை, அந்தச் சொல் என்னைக் குறிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கரிசல்மகளின் தாயார் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியதைச் சொல்லாமல் இருந்ததும் இதே மனநிலையில்தான் என்று நினைக்கிறேன். அம்மாவைக் கடிந்துகொள்ள வேண்டாம், மகளே.

சாய்தளம் எழுதியது:

ஆசிரியை அம்மா சொன்னது, மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காக உழைக்கும் எங்களுக்கு நேரடியாகத் தொடர்புடையது. அந்த 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர், மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. முழங்கால் நோய் மட்டுமே இத்தனை பேருக்கு இருக்கும் நாட்டில், எல்லாக் குறைபாடுகளும் சேர்ந்து இவ்வளவுதான் என்றால், மூப்பில் வந்த இயலாமையில் பெரும்பகுதி கணக்குக்குள் வரவேயில்லை என்றுதான் நான் கருதுகிறேன்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது, அதில் மூட்டுத் தேய்மானம் என்ற பெயர் இல்லை. ஆயினும் கை கால் இயக்கக் குறைபாடு என்ற வகை இருக்கிறது, அது எந்த நோயால் வந்தது என்பது தடையாகாது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் என்று மருத்துவர் சான்றளித்தால் சட்டம் தரும் பல சலுகைகள் பொருந்தும். காலுக்கான மதிப்பீட்டில் மூட்டின் அசைவும் தசையின் வலிமையும் அளக்கப்படுவதோடு, சமதரையில் நடத்தல், சரிவில் நடத்தல், படி ஏறுதல், குந்துதல், சம்மணமிடுதல், மண்டியிடுதல் ஆகியவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. ஆசிரியை அம்மா தாம் இழந்ததாக எழுதியவற்றில் மூன்று இந்தப் பட்டியலிலேயே இருக்கின்றன. எல்லோருக்கும் 40 வந்துவிடும் என்று நம்பிக்கை அளிக்க மாட்டேன், ஆனால் விண்ணப்பிப்பதற்கே வெட்கப்பட வேண்டாம்.

சான்றிதழோடு பேச்சு முடிந்துவிடவும் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2001-இல் ஏற்ற வகைப்பாடு, இயலாமையை உடலுக்குள் மட்டும் தேடுவதில்லை, உடலும் அது வாழும் இடமும் சந்திக்கும் புள்ளியில் வைத்துப் பார்க்கிறது. முழங்கால் அப்படியே இருக்க, கைப்பிடி வைத்த கழிப்பறை ஒருவரின் இயலாமையைக் குறைத்துவிடும்.

மேலூர்வாசி எழுதியது:

அனைவரும் நல்லெண்ணத்தோடுதான் எழுதுகிறீர்கள். ஆனால் எலும்போடு எலும்பு உரசும் நிலைக்கு வந்துவிட்ட ஒருவரை நட, பயிற்சி செய் என்று சொல்வது கொடுமை என்று எனக்குப் படுகிறது. என் தந்தைக்கு இரண்டு முழங்கால்களிலும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தோம், மூன்றாவது மாதம் அழகர்கோயிலுக்குத் தாமே நடந்து வந்தார். மாறாக, என் மாமனார் எவரோ சொன்னார்கள் என்று தினமும் ஐந்து கிலோமீட்டர் நடந்து, மூட்டு வீங்கிப் படுத்துவிட்டார். நேராக அறுவை சிகிச்சைக்குப் போகச் சொல்வதே நேர்மையான ஆலோசனை.

நடைப்பயிற்றுநர் எழுதியது:

ஐயா, உங்கள் தந்தை நடந்ததைப் படித்து மகிழ்ந்தேன். மூட்டு மாற்று உரியவருக்கு உரிய நேரத்தில் செய்தால் வாழ்க்கையைத் திருப்பித் தரும் சிகிச்சை, அதில் எனக்கு ஐயமே இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் அது இருக்கிறது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டின் விலைக்கு உச்சவரம்பு விதித்து, பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகையை வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்குக் கொண்டுவந்த பிறகு பலருக்கு அது எட்டியது.

ஆனால் அது முதல் படியா என்பதுதான் கேள்வி. டென்மார்க்கில், அறுவை சிகிச்சைக்குத் தகுதியான 100 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மூட்டு மாற்றும் அதன்பின் பயிற்சியும், மற்றதற்குப் பயிற்சி, எடைக் குறைப்பு, காலணித் திருத்தம் போன்றவை மட்டும் அளித்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சை பெற்றவர்கள் கூடுதலாகத் தேறினார்கள் என்பதை மறைக்க மாட்டேன், முன்னேற்றம் ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் கடுமையான பக்கவிளைவுகளும் அந்தப் பிரிவிலேயே அதிகம். மற்றவர்களும் தேறினார்கள், ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சைக்கு மாறியவர்கள் அவர்களில் நான்கில் ஒருவர் மட்டுமே. மீதமுள்ள மூவருக்கு அந்த ஓராண்டில் கத்தி தேவைப்படவில்லை. பயிற்சியைப் பற்றி 54 ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வும், வலிக் குறைவு வலி மாத்திரைகள் தருவதற்கு ஒப்பாக இருப்பதாகக் கண்டது, மாத்திரையின் இரைப்பைப் புண் இல்லாமல்.

உங்கள் மாமனாருக்கு நேர்ந்தது பயிற்சியின் குற்றமல்ல, அளவின் குற்றம். பயிற்சி என்றாலே நடை என்று நம்மவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுகருவி வைத்துப் பெர்லினில் அளந்தவர்கள், சமதரையில் நடக்கும்போது முழங்காலில் உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கும், படி இறங்கும்போது சுமார் மூன்றரை மடங்கும் சுமை விழுவதாக 2010-இல் காட்டினார்கள். மெலிந்த தசையோடு ஐந்து கிலோமீட்டர் நடந்தால் வீங்கத்தான் செய்யும். முதலில் நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பிடிப்பது, பிறகு சற்று உயரமான நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, அதன் பிறகே நடை. பயிற்சிக்குப் பின் வலி கூடி மறுநாளும் தணியாவிட்டால், செய்த அளவு அதிகம் என்று பொருள், அதைக் குறைக்க வேண்டும், நிறுத்தக் கூடாது.

எடை அதிகமுள்ளவர்களுக்கு ஒரு சொல். உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் நான்கு கிலோ சுமை குறைகிறது. கரிசல்மகளின் தாயார் மெலிந்தவராக இருந்தால் அவரைப் பட்டினி போட்டுவிடாதீர்கள், அவருக்கு வேண்டியது பருப்பும் முட்டையும்.

மேலூர்வாசி எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி. மாமனாருக்கு நாற்காலியிலிருந்து தொடங்குகிறோம்.

கரிசல்மகள் எழுதியது:

பதினொரு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள்.

ஊருக்குப் போய்க் கழிப்பறை நாற்காலியை வைத்தேன். முதல் இரவே அம்மா தண்ணீர்ச் செம்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிக்கும் ஏற்பாடு உண்டு என்று செவிலியர் சொல்லித் தெரிந்து, பதிந்துகொண்டோம். வந்த சகோதரி முதலில் செய்தது, நடைப்பயிற்றுநர் ஐயா சொன்னதைத்தான், தொடையை அளந்தார். பெரியம்மாவின் தொடையையும் அம்மா தாமே நூலால் அளந்து பார்த்திருக்கிறார். இரண்டு விரற்கடை வேறுபாடு இருந்ததாம்.

அரை நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணச் சொன்னார்கள். முதல் நாள் நான்கு, இப்போது எட்டு. கைத்தடியை வலி அதிகமுள்ள வலது காலின் பக்கமே பிடித்திருந்தார், அது தவறு, எதிர்க் கையில் பிடிக்க வேண்டும் என்று திருத்தினார்கள். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில் என்பதையும் பழக்கினார்கள். மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுக் குறைத்து, மேலே தடவும் மருந்துக்கு மாறியிருக்கிறோம். வலி போய்விடவில்லை. ஆனால் சென்ற வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் வாசல் வரை போய் வந்தார்.

ரேஷன் கடைக்கு மட்டும் இன்னும் போக முடியவில்லை. நடக்கும் தொலைவு சிக்கலில்லை, கடை வாசலில் ஏற முடியவில்லை.

சாய்தளம் எழுதியது:

மிக்க மகிழ்ச்சி, சகோதரி. அந்தக் கடை வாசல் படியின் உயரத்தை அளந்து எழுத முடியுமா? கைப்பிடி இருக்கிறதா? பொதுக் கட்டடங்களில் படியின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, அதாவது ஆறு அங்குலம், என்பது மத்திய அரசின் தடையற்ற சூழலுக்கான வழிகாட்டு நெறி.

கரிசல்மகள் எழுதியது:

அளந்துவிட்டேன். ஒரே படி, பதினோர் அங்குலம், கைப்பிடி இல்லை. அதில் ஏற முடியாமல் ஆள் அனுப்புகிறவர்கள் எங்கள் தெருவில் மட்டும் அம்மாவையும் சேர்த்து ஆறு பேர், ஐவர் பெண்கள். இடையில் ஒரு படியும் ஒரு கைப்பிடிக் குழாயும் வைத்துத் தரக் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். மே 1 கிராம சபைக் கூட்டத்தில் கொடுக்கப் போகிறோம். முதல் கையெழுத்து அம்மாவுடையது, இரண்டாவது பெரியம்மாவுடையது.